கோச் வீட்டுப் பலகை

டிரைஃபோர்க் ஊரில் பள்ளி ஃபுட்பால் கோச் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் தோற்றால் சனிக்கிழமை விடிவதற்குள் அவர் வீட்டு முன் புல்வெளியில் 'வீடு விற்பனைக்கு' என்று ஒரு பலகை முளைத்துவிடும். யார் நடுகிறார்கள் என்று யாரும் விசாரிப்பதில்லை. விசாரித்தால் பாதி ஊர் தலைகுனிய வேண்டியிருக்கும். பலகையில் தொலைபேசி எண் மட்டும் இருக்காது. எண் போடாமல் எவனாவது வீட்டை விற்பானா? அது இல்லாததால்தான் அது வேடிக்கை. எண் போட்டால் வினையாகிவிடும் என்று டெக்சாஸின் இந்தப் பருத்திக்காட்டு மூலையில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

லடோனா புரூயிட்டின் கார் கொட்டகையில் அப்படிப் பல பலகைகள் சேர்ந்திருந்தன. ஒன்று தக்காளிச் செடிக்கு வெயில் மறைப்பு. ஒன்று ஆடிக்கொண்டிருந்த ஃப்ரீசருக்கு அடியில் முட்டு. அவள் புருஷன் கார்லண்ட் இந்த ஊர்ப் பள்ளியில் கோச்சாக இருந்து முடி நரைத்தவன். ஜெயித்த வருடங்களில் அவனைக் கடவுளுக்கு அடுத்த இடத்தில் வைத்தார்கள், தோற்ற வருடங்களில் பலகைக்கு அடுத்த இடத்தில். லடோனா இரண்டுக்கும் பழகியிருந்தாள்.

அந்த செப்டம்பர் சனிக்கிழமை அவள் அடுப்பில் காலைச் சாப்பாட்டுக்கு மிளகு கிரேவி கிளறிக்கொண்டிருந்தாள். பேப்பர் எடுக்கப் போன கார்லண்ட் வெறுங்கையோடு திரும்பி வந்து பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் நின்றான்.

"லடோனா, நாம எப்ப இந்த வீட்ட விக்கிறதா முடிவு பண்ணோம்?"

அவள் சிரித்தாள். "மூணாவதும் தோத்தீங்கன்னா வித்துட்டுப் போயிரலாம். நேத்து ஆடின ஆட்டத்துக்கு வாங்கறவனே வரமாட்டான்."

அவன் சிரிக்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். தெரியாமல் அடுத்த வீட்டுக்குள் நுழைந்துவிட்டு மரியாதைக்காக நிற்கிறவன் மாதிரி இருந்தது முகம்.

"இல்ல, எங்கிட்டச் சொன்னியா நீ?"

"பசங்க நட்டது, கார்லண்ட். எப்பவும் நடுற பலகை."

"ஓ." ஜன்னல் வழியாகப் பலகையைப் பார்த்துவிட்டு, "ஆமா. சும்மா சீண்டிப் பாத்தேன்" என்றான்.

கார்லண்டே பள்ளியில் படித்த காலத்தில் தன் கோச் வீட்டு வாசலில் இதே மாதிரிப் பலகை நட்டவன். நடும்போது நாய் துரத்தி, முள்கம்பியில் கால்சட்டையைப் பறிகொடுத்துவிட்டு ஓடிய கதையை எந்தக் கல்யாணத்திலும் சொல்லாமல் விட்டதில்லை. அன்றைக்கு மிளகு கிரேவி அடிப்பிடித்தது. இருவரும் அதையே சாப்பிட்டு முடித்தார்கள்.

*

லடோனாவின் முடிதிருத்தகம் பழைய பெட்ரோல் பங்கில் இருந்தது. காற்று பலமாக அடித்தால் இன்றும் பெட்ரோல் வாடை வரும், இந்த ஊரில் காற்று பலமாக அடிக்காத நாள் கிடையாது. திங்கட்கிழமை எதிர்வீட்டு நெல்டா ஃபிரிட்ஷ், முடிக்குச் சாயம் பூசித் தலை நிறைய வெள்ளித்தாள் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதி. அவள் கடைக்குட்டி கோல்ட்டன் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டக்காரன்.

"கேக்கறேன்னு கோவிச்சுக்காதடி" என்றாள் நெல்டா. கோபம் வரவேண்டும் என்றுதான் எப்போதும் இப்படித் தொடங்குவாள். "உம் புருஷன் நம்ம புள்ளைங்கள ஃபுட்பாலுக்குத் தயார் பண்றானா, நாட்டியத்துக்கா?"

"தலைய ஆட்டாத. சாயம் காதுல வழியும்."

"எல்லாரும் பேசறாங்க. மெத்தையில உருளச் சொல்றானாம். ஆளுக்குப் பதிலாக் கட்டிப் பிடிச்சுச் சாய்க்கற ரப்பர் சக்கரம் ஒண்ணு இருக்கே, அதுக்குப் பசங்க பெர்த்தான்னு பேர் வச்சிருக்கானுங்களாம். 'இன்னைக்கு என்னடா பண்ணினீங்க'ன்னு கேட்டா, 'பெர்த்தாவக் கட்டிப் பிடிச்சோம்மா'ங்கறான். வெள்ளிக்கிழமை அந்த எதிர் டீம்காரன் நம்ம ஆளுங்கள வாசல் மிதியடி மாதிரி மிதிச்சுட்டுப் போறான். பெர்த்தா திருப்பி இடிக்க மாட்டாளே!"

தலைக்கவசமும் தோள்பட்டைக் கவசமும் மாட்டிக்கொண்டு ஆளை ஆள் மோதிச் சாய்க்கிற ஆட்டம் இந்த ஊர் ஃபுட்பால். மோதலைப் பயிற்சியிலேயே பழக்கினால்தான் ஆட்டத்தன்று உடம்பு சுருங்காது என்பது ஊரின் கட்சி. கார்லண்டும் ஆயுசு முழுக்க அந்தக் கட்சிதான். அவன் பையனாக ஆடிய காலத்தில் ஒருவனை மோதிய மோதலில் இரண்டு பேரின் தலைக்கவசமும் கழன்று பறந்ததாம். அந்த மோதலை இன்றும் பருத்தி அரைக்கிற ஜின்னிங் ஆலை வாசலில் நடித்துக் காட்டுவார்கள். அது ஞாபகம் இல்லாதவன் ஊரிலேயே ஒருவன்தான், மோதிய கார்லண்ட். அன்று மாலை முழுக்க என்ன நடந்தது என்று அவனுக்கே ஊர் சொல்லித்தான் தெரியும்.

"மாநிலமே மோதலக் குறைக்கச் சொல்லுது" என்றாள் லடோனா.

"குறைக்கத்தானடி சொல்லுது? உம் புருஷன் கும்பிட்டு அனுப்பிட்டான்ல! வயசானா ஆம்பளைங்க இளகிப் போவாங்கன்னு சொல்வாங்க. எங்க வீட்ல இருக்கறது இளகவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது வேற கதை."

லடோனா சாயத்தூரிகையைக் கிண்ணத்தில் குழைத்தாள். ஜூலையில் ஒருநாள் பக்கத்து நகரமான லப்பக்குக்குப் பந்துகள் வாங்கப் போன கார்லண்ட், எதிர்த்திசையில் வேறொரு மாவட்டத்துப் பெட்ரோல் பங்கிலிருந்து போன் செய்தான். "நான் எங்க போயிட்டிருக்கேன்னு சொல்லு, லடோனா" என்று கேட்டான். குரலில் பதற்றம் கூட இல்லை. அந்த வாரமே, இந்த வருடம் பயிற்சியில் நிஜ மோதல் கிடையாது என்று பசங்களிடம் சொல்லிவிட்டான். ஏன் என்று அவள் கேட்டதற்கு, விரல்களை மடக்கித் தன் நெற்றியைத் தட்டிக் காட்டினான், கதவைத் தட்டுகிற மாதிரி.

"சில நேரம் தட்டினா உள்ள யாரும் வரமாட்டேங்கறாங்க. அந்தப் பசங்களுக்கு இது வேணாம்."

டாக்டரிடம் போகலாம் என்றாள். சீசன் முடியட்டும் என்றான். அதற்குமேல் அவன் அதைப் பேசவில்லை, அவளும் விட்டுவிட்டாள். இதை நெல்டாவிடம் எப்படிச் சொல்வது? நெல்டாவிடம் சொன்னால் தலையில் சாயம் பிடிப்பதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

"கார்லண்ட் செய்யறது கார்லண்டுக்குத் தெரியும்" என்றாள். அந்த வார்த்தை வாயை விட்டுப் போகும்போதே நாக்கில் கசந்தது.

*

செவ்வாய்க்கிழமைகளில் பயிற்சிக்குத் தர்ப்பூசணி கொண்டுபோவது லடோனாவின் வேலை. அன்றைக்கு வெயிலோடு காற்றும் சேர்ந்து மண்ணைக் கிளப்பிக்கொண்டிருந்தது. பருத்தி வெடிக்கத் தொடங்கியிருந்ததால் வயலில் வேலை இருந்தது, ஆனாலும் மைதான வேலியோரம் வண்டிகள் வரிசையாக நின்றன. நடுவில் இருந்த பெரிய வெள்ளை வண்டி பஸ்டர் ஹோல்ஷருடையது. ஜின்னிங் ஆலை முதலாளி, பள்ளி அணியின் ஆதரவாளர் சங்கத் தலைவர். வண்டிக்குள் குளிர்காற்றைப் போட்டுக்கொண்டு, பசங்கள் வெயிலில் போதுமான அளவு வேகவில்லை என்று குறைசொல்கிற மனுஷன்.

கார்லண்ட் தொடக்கத்திலேயே விசில் ஊதி எல்லோரையும் கூட்டிச் சொன்னான்: "இன்னைக்கு எல்லாம் தட். காதுல விழுந்துச்சா?"

"தட், கோச்!"

இந்த ஒரு வார்த்தையில்தான் பசங்களின் எலும்பு இருக்கிறது. 'தட்' என்றால் தோளைக் கொடுத்து, இரு கையாலும் கவ்வி, நிற்கவைத்தபடியே விட்டுவிட வேண்டும். யாரும் தரைக்குப் போகக்கூடாது. 'லைவ்' என்றால் நிஜ ஆட்டம், கவ்வி உருட்டிக் கிடத்த வேண்டும். பந்து வைத்திருக்கிறவன் தட்டுக்கு ஒரு மாதிரி உடம்பைத் தளர்த்தி வைத்திருப்பான், லைவுக்கு வேறு மாதிரி இறுக்கியிருப்பான்.

லடோனா பழம் நறுக்கியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். கார்லண்ட் ஒவ்வொருவன் கழுத்தையும் பிடித்துத் திருப்பி நிறுத்தினான். "தலை பின்னால. அவன் பின்பக்கம் போகட்டும் உந்தலை. தோள்தான் முதல்ல போகணும். தலை விருந்தாளிடா, விருந்தாளிய முன்னால அனுப்பிக் கதவ இடிக்கச் சொல்வியா?" பசங்கள் சிரித்தார்கள். அவனுக்கு இணையான கோச் இந்தப் பக்கத்தில் இல்லை என்று அவளுக்கு அந்த நிமிடம் தோன்றியது. மனசு கொஞ்சம் லேசானது.

தண்ணீர் குடித்துவிட்டு வந்தபின் அது நடந்தது. கார்லண்ட் தற்காப்பு வரிசைக்குப் பக்கத்தில் நின்றான். இரண்டு முறை பார்த்தான். முகம் சிவந்தது.

"ஏன்டா கட்டிக்கிட்டு நிக்கறீங்க? லைவ்னு சொன்னேன்ல! கிடத்துங்கடா!"

பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது. அந்தப் பக்கம் பந்தோடு நின்ற கோல்ட்டனுக்குக் காற்றில் எதுவும் கேட்கவில்லை. அவன் தட் என்று நினைத்துக்கொண்டே ஓடிவந்தான். கவ்வுவார்கள், விட்டுவிடுவார்கள் என்று உடம்பைத் தளர்த்தினான். எதிரில் வந்தவன் தொடையில் கவ்வித் தூக்கி, முழு எடையோடு உருட்டித் தரையில் அடித்தான். காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம் தர்ப்பூசணி மேசை வரை வந்தது.

வேலியோரத்து வண்டிகள் ஒவ்வொன்றாக ஹாரன் அடித்தன.

பஸ்டர் வண்டியைவிட்டு இறங்கித் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். "அப்பாடா! இப்பத்தான்யா நம்ம ஊரு மாதிரி இருக்கு!"

கோல்ட்டன் தோளைப் பிடித்துக்கொண்டு மண்ணில் கிடந்தான். உதவிக் கோச் ரே டெல்கடோ ஓடிப்போய் அவன் பக்கத்தில் மண்டியிட்டார். நிமிர்ந்தபோது அவர் கார்லண்டைப் பார்க்கவில்லை. நேராக லடோனாவைப் பார்த்தார்.

*

தோளில் காறை எலும்பு முறிவு. தலைக்கு ஒன்றும் இல்லை. மருத்துவமனையிலிருந்து நெல்டாதான் போன் செய்தாள். அழுகிறாளோ என்று பயந்து எடுத்தால் குரலில் கல்யாணக் களை.

"கவலப்படாதடி. கட்டுப் போட்டுட்டு ராஜா மாதிரி உக்காந்திருக்கான். எங்க வீட்டுக்காரர் போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிட்டாரு. கார்லண்ட்கிட்டச் சொல்லு, எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல. மனுஷன் பழையபடி திரும்பிட்டான், அது போதும்."

லடோனா போனை வைத்துவிட்டு அதையே பார்த்தபடி நின்றாள். நெல்டா வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தர்ப்பூசணித் தட்டைத் திருப்பித் தர வந்ததாகச் சொல்லிக்கொண்டு டெல்கடோ பின்வாசலில் நின்றார். கார்லண்ட் பள்ளியில் போன ஆட்டத்தின் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். டெல்கடோவுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"மிஸ் லடோனா, கோச்சப் பத்திப் பேசறதுக்கு எனக்கு அருகதை இல்ல. எங்கப்பா செத்தப்ப என்ன இந்த வேலையில சேத்துவிட்டதே அவர்தான்."

"டீ இருக்கு. ஐஸ் போட்டது. குடிங்க."

"வேணாங்க." தட்டைக் கையில் திருப்பினார். "அப்புறமா அவர்ட்டக் கேட்டேன். 'தட்னு நான் சொல்லவே இல்லையே ரே'ங்கறார். பொய் சொல்லலைங்க அவர். அவருக்கு நெஜமாவே ஞாபகத்துல இல்ல அது."

லடோனா அவர் வேண்டாம் என்ற டீயை ஊற்றி வைத்தாள்.

"லைவ்னா கூடப் பரவால்லங்க. ரெண்டு பேரும் இறுக்கிட்டிருப்பாங்க. பாதிப் பேரு தட்டுன்னும் பாதிப் பேரு லைவ்னும் நினைச்சா, அத விட மோசம் ஒண்ணு இல்ல. இன்னைக்கு எலும்பு. இன்னும் ஒரு சாண் மேல பட்டிருந்தா..." அவர் தன் கழுத்தைத் தொட்டார்.

"எவ்வளவு நாளாத் தெரியும் உங்களுக்கு?"

"கொஞ்ச நாளாவே பேரு மாறும். என்ன எங்கண்ணன் பேரச் சொல்லிக் கூப்பிடுவார். நானும் ஆமாங்க கோச்னு போயிருவேன்." தரையைப் பார்த்தார். "உங்களுக்கு?"

"ஜூலை."

இரண்டு பேரும் ஒரே திருட்டில் அகப்பட்டவர்கள் போல நின்றார்கள். கடைசியில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். கார்லண்ட் எதைச் சொன்னாலும் டெல்கடோ அதை உரக்கத் திருப்பிச் சொல்வார். தொடக்கத்தில் சொன்னதற்கு மாறாக இருந்தால் தொடக்கத்தில் சொன்னதையே திருப்பிச் சொல்வார். சீசன் முடியும்வரை. பேசும்போது அது நல்ல ஏற்பாடாகத்தான் தெரிந்தது. டெல்கடோ போனபின் லடோனா தட்டைக் கழுவினாள். அவர் ஏற்கெனவே கழுவிக் கொண்டுவந்திருந்த தட்டு அது.

*

வெள்ளிக்கிழமை ஜெயித்தார்கள். எதிரணியில் பாதிப் பேருக்கு வயிற்றுக்கடுப்பு என்று பின்னால் தெரிந்தது, ஆனால் அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஊருக்குக் காரணம் தெரியும். செவ்வாய்க்கிழமை கேட்ட சத்தம்தான் காரணம்.

சனிக்கிழமை காலை பலகையைக் காணோம். குழி இருந்த இடத்தில் புல்லைக்கூடச் சரிசெய்து வைத்திருந்தார்கள். பஸ்டர் ஹோல்ஷர் தானே விடிய விடியப் புகைபோட்டு வேகவைத்த மாட்டு நெஞ்சுக்கறியைத் தட்டோடு தூக்கிக்கொண்டு வந்தார். தன் கையால் வெட்டி கார்லண்டுக்கு ஊட்டாத குறைதான்.

"ஏம்ப்பா கோச், மனசத் திறந்து சொல்றேன். உன்ன நான் தப்பா நெனச்சிட்டேன். அந்த ரப்பர் சக்கரத்தப் பாத்துட்டு என் பொண்டாட்டிகிட்டயே சொன்னேன், இவன் கத முடிஞ்சதுன்னு. செவ்வாக்கிழமை அந்தச் சத்தம் கேட்டதும் உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. அடுத்த வாரம் முழுக்க லைவ்தான?"

"பின்ன?" கார்லண்ட் விரலில் ஒட்டிய கொழுப்பை நக்கினான். முகம் குளித்த பிள்ளை மாதிரி இருந்தது. "மோதாம எப்படிக் கத்துக்குவானுங்க?"

லடோனாவின் கை பீன்ஸ் கரண்டியில் நின்றுவிட்டது.

"கார்லண்ட், நீதான நிறுத்தின."

"என்னத்த?"

"மோதல. ஜூலையில."

அவன் அவளைப் பார்த்தான். மழுப்பவில்லை, சீண்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டான்.

"நானா? எதுக்கு நிறுத்தினேன்?"

பஸ்டர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "கேட்டீங்களா! மனுஷன் எப்படிப் பேசறான் பாருங்க! எதுக்கு நிறுத்தினேனாம்!"

கார்லண்டும் கூடச் சிரித்தான். ஆனால் கண் அவள் மேலேயே இருந்தது, பதிலுக்காக. பஸ்டர் எதிரில் அவளால் சொல்ல முடியவில்லை.

வெள்ளை வண்டி போனபின் அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். விரல்களை மடக்கி அவன் நெற்றியில் மெல்லத் தட்டினாள், அன்று அவன் தட்டிக் காட்டிய மாதிரியே. அவன் அவள் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தான். ஏதோ கொஞ்சல் என்று நினைத்துக்கொண்டான்.

"இன்னொரு துண்டு வெட்டட்டா?" என்றான்.

"நீ சாப்பிடு."

அவள் எழுந்து போய் இரண்டு போன் செய்தாள். முதலில் லப்பக்கில் இருக்கும் அக்காவுக்கு. மேல்தளத்து அறை காலியாக இருக்கிறதா, நரம்பு டாக்டர் யாராவது தெரியுமா என்று கேட்டாள். அக்கா ஏன் என்று கேட்டதற்கு வந்து சொல்கிறேன் என்றாள். அடுத்து டெல்கடோவுக்கு.

"திங்கக்கிழமையிலருந்து விசில் உங்க கழுத்துல, ரே. பள்ளிக்கூடத்துல நானே போய்ச் சொல்றேன்."

"மிஸ் லடோனா, நாம பேசிக்கிட்டோமே, சீசன் முடியற வரைக்கும்..."

"அவன் எதுக்கு நிறுத்தினான்னு அவனுக்கே தெரியல, ரே. நீங்க எத்தனை நாள் திருப்பித் திருப்பிச் சொல்வீங்க?"

"லைவ் இருக்காதுங்க. நான் பாத்துக்கறேன்" என்றார். பஸ்டர் ஹோல்ஷரை நினைத்தால் அந்த வாக்கு எவ்வளவு பெரியது என்று அவளுக்குத் தெரியும்.

மிச்சம் ஒன்றுதான் இருந்தது. இந்த ஊரில் இருக்கும்வரை பள்ளி விட்டதும் கார்லண்டின் கால் மைதானத்துக்குத்தான் போகும். போனால் வேலியோரத்தில் ஹாரன் அடிப்பார்கள். அடித்தால் அவன் விசிலைத் தேடுவான்.

அவள் தக்காளிச் செடிக்கு மேலிருந்த பலகையை எடுத்து மண்ணைத் துடைத்தாள். எழுதுவதற்கு எதுவும் அகப்படவில்லை. கடைப் பையில் இருந்த கறுப்பு முடிச்சாயத்தைக் குழைத்து, சாயத்தூரிகையால் 'விற்பனைக்கு' என்பதன் கீழே தன் தொலைபேசி எண்ணைப் பெரிதாக எழுதினாள். நரையை மறைக்கிற சாயம், மழைக்கும் போகாது. சுத்தியலோடு முன் புல்வெளிக்கு வந்து, பழைய குழி இருந்த இடத்திலேயே கம்பை இறக்கினாள்.

எதிர்வீட்டிலிருந்து நெல்டா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிவந்தாள்.

"அடியே கிறுக்கி! ஜெயிச்சாச்சுடி! ஜெயிச்ச வாரத்துல யாராவது பலக நடுவாங்களா? அதுவும் நடறவளப் பாரு, கோச் பொண்டாட்டி! இரு, போன எடுத்துட்டு வரேன், இத போட்டோ எடுக்காம விட்டா..."

பாதிச் சாலையில் நின்றாள். உதடு அசைந்தது. எத்தனையோ வருடமாக நாளுக்கு நாலு முறை அழைத்த எண் அது, படித்துப் பார்க்கவே தேவையில்லை. இருந்தாலும் ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள்.

கதவு திறந்து கார்லண்ட் வெளியே வந்தான். இறைச்சித் தட்டைப் படியில் வைத்துவிட்டுப் பலகையை மேலிருந்து கீழ்வரை பார்த்தான்.

"லடோனா, நாம எப்ப முடிவு பண்ணோம்?"

"இப்பத்தான்."

அவன் தலையாட்டினான். அது போதுமான பதிலாக இருந்தது அவனுக்கு.

"ஆழமா இறக்கு. இந்தக் காத்துக்குச் சாஞ்சுரும்" என்றான். குனிந்து, கம்பைத் தோளோடு சேர்த்து இரு கையாலும் கவ்விக்கொண்டான். தலையை மட்டும் கம்பின் பின்பக்கமாக ஒதுக்கி வைத்துக்கொண்டான்.

அவள் சுத்தியலை ஓங்கினாள்.